தோஷிபாவைக் கைவிட்டது யார்? எச்டி டிவிடி, புளூ-ரே சண்டை

லிங்கநகர் தம்பி
16 பெப்ரவரி 2025, இரவு 9.40

எழுதக்கூடிய புளூ-ரே தட்டு செய்யிறதை சோனி இந்த மாதத்தோட நிப்பாட்டுது. டிவிடிக்குப் பிறகு கூர்மையான படத்துக்காக வந்த ரெண்டு போட்டித் தட்டுகள்தான் சோனி பக்கத்தின்ட புளூ-ரேயும் தோஷிபாவின்ட எச்டி டிவிடியும். அந்தச் சண்டையில 2008இல வென்ற புளூ-ரேயின்ட கதையும் முடியப் போகுது. என்ட கருத்து இதுதான்: எச்டி டிவிடி மலிவு, பிராந்தியப் பூட்டு (ஒரு நாட்டுத் தட்டு இன்னொரு நாட்டுப் பிளேயரில ஓடாமச் செய்யிற தடை) இல்லை, வந்த நாளிலயே படமும் துப்புரவா இருந்தது. புளூ-ரே ஓடுற சோனியின்ட விளையாட்டுப் பெட்டி பிளேஸ்டேஷன் 3 என்ற ஒரேயொரு காரணத்தால தோத்தது. மறுக்கிற ஆக்கள் வாங்க.

கூடவே ஒரு கேள்வி. கனடாவிலிருந்து வந்த பெட்டியொன்றில தோஷிபா எச்டி-ஏ2 பிளேயரும் முப்பதுக்குக் கிட்ட எச்டி டிவிடியும் கிடக்கு. கூடுதலா வார்னர், யுனிவர்சல் படங்கள். இங்க ஓடுமா, இல்லாட்டி பழைய இரும்புக்காரரைக் கூப்பிடவா?

பாலையூற்று
16 பெப்ரவரி, இரவு 10.05

இன்னும் பிளக்கில் குத்தவில்லையே? குத்தாதீங்க.

வட அமெரிக்காவில் விற்ற ஏ2 120 வோல்ட்டுக்கு மட்டும் செய்தது. 120ஐ நேராக்கினால் உள்ளே ஏறத்தாழ 170 வோல்ட் வரும், அதைத் தாங்கத்தான் அதன் பெரிய கெப்பாசிட்டர். நம்முடைய 230ஐக் கொடுத்தால் 325 வரும். கெப்பாசிட்டர் வெடிக்கும், பியூஸ் போகும், அதிர்ஷ்டம் இல்லையென்றால் சுவிட்சிங் டிரான்சிஸ்டரும் சேர்ந்து போகும்.

வேண்டியது 230இலிருந்து 110க்கு இறக்கும் ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்போமர். செம்புச் சுற்றுள்ள, கையில் தூக்கினால் பாரமான சாமான். பயணிகளுக்கு விற்கும் இலேசான கன்வேட்டர் குமிழ் வேண்டாம். அது அலையை வெட்டித்தான் வோல்ட்டைக் குறைக்கும், ஹீட்டருக்குச் சரி, மின்னணுப் பெட்டிக்கு ஆகாது. பிளேயரின் பின்பக்க லேபிளில் எத்தனை வாட் என்று பார்த்து அதன் இரண்டு மடங்குக்கு வாங்குங்கள். 50 ஹேர்ட்ஸ், 60 ஹேர்ட்ஸ் வித்தியாசம் பற்றிக் கவலை இல்லை, சுவிட்ச்மோட் பவர் சப்ளை அதைக் கண்டுகொள்ளாது.

போன ஞாயிறு பாணந்துறையில் ஒரு குரங்கு முழு நாட்டையும் இருட்டாக்கினதே, அப்படி ஒரு நாளில் கரண்ட் திரும்பி வரும்போது வோல்ட் கண்டபடி குதிக்கும். பார்த்து முடிந்ததும் சுவிட்சை நிறுத்தினால் போதாது, பிளக்கையே கழற்றுங்கள்.

உவர்மலை வாசி
17 பெப்ரவரி, காலை 6.50

பிளேஸ்டேஷன் ஒரு காரணம். ஒரே காரணம் என்பதை ஏற்க மாட்டேன்.

இந்தச் சண்டையை எழுதுகிற எல்லோரும் இரு பக்கத்துக் கம்பனி இலச்சினைகளை எண்ணுகிறார்கள். இந்தப் பக்கம் இத்தனை, அந்தப் பக்கம் இத்தனை என்று. அந்தக் கணக்கால் ஒன்றும் விளங்காது. ஒவ்வொரு ஆதரவாளரும் விட்டுப் போனால் அவருக்கு என்ன நட்டம் என்று பார்த்தால்தான் விளங்கும்.

2002 பெப்ரவரி 19இல் புளூ-ரேயை அறிவித்தவர்கள் ஒன்பது பேர்: சோனி, மட்சுஷிட்டா (பனசோனிக்), பயனியர், பிலிப்ஸ், தொம்சன், எல்ஜி, ஹிட்டாச்சி, ஷார்ப், சம்சுங். எதிர்ப்பக்கத்தில் தோஷிபாவும் என்ஈசியும். அவர்களுடைய வடிவத்தை 2003 நவம்பரில் டிவிடி தரத்தை வகுக்கும் கம்பனிச் சங்கமான டிவிடி ஃபோரம் ஏற்றுக்கொண்டது, அதனால்தான் பெயரில் டிவிடி வந்தது. ஆனால் டிவிடி ஃபோரத்தில் இருந்த பெரிய கம்பனிகளில் பலர் ஏற்கெனவே அந்த ஒன்பதுக்குள் இருந்தார்கள். பெயர் ஒருவரிடம், தொழிற்சாலை இன்னொருவரிடம்.

காசு எங்கே என்று பாருங்கள். டிவிடி காப்புரிமைக் கட்டணம் தொடக்கத்தில் இரண்டு குழுக்களுக்குப் போனது. 6சி என்பதில் தோஷிபா, ஹிட்டாச்சி, மட்சுஷிட்டா, மிட்சுபிஷி, ஜேவிசி, டைம் வார்னர். 3சி என்பதில் சோனி, பிலிப்ஸ், பயனியர். தோஷிபா எச்டி டிவிடியைப் பிடித்துக்கொண்டு நின்றதன் காரணம் அதிலேயே தெரிகிறது. வார்னர் ஸ்டூடியோ முதலில் அந்தப் பக்கம் சாய்ந்ததற்கும் அதில் ஒரு காரணம் உண்டு. 6சிக்குள்ளேயே மட்சுஷிட்டாவும் ஹிட்டாச்சியும் புளூ-ரேக்குப் போய்விட்டபோது தோஷிபாவுக்கு வீட்டுக்குள்ளேயே ஆள் குறைந்தது.

லிங்கநகர் தம்பி
17 பெப்ரவரி, மதியம் 12.30

அண்ணன், மைக்ரோசொஃப்டும் இன்டெலும் 2005 செப்டெம்பரில தோஷிபா பக்கம் வந்தவங்கள். அது சின்ன ஆதரவா?

உவர்மலை வாசி
17 பெப்ரவரி, மாலை 5.20

பெரிய பெயர், சின்ன ஆதரவு. தன் விளையாட்டுப் பெட்டியான எக்ஸ்பொக்ஸ் 360க்குள் எச்டி டிவிடி டிரைவை மைக்ரோசொஃப்ட் வைக்கவேயில்லை. 2006 நவம்பரில் வெளியே செருகும் பெட்டியாக 199 டொலருக்கு விற்றது. வேண்டியவர் வாங்கலாம், வேண்டாதவர் விடலாம். எச்டி டிவிடி விழுந்தால் மைக்ரோசொஃப்டுக்கு ஒரு துணைச்சாமான்தான் நட்டம். 2008 பெப்ரவரியில் அதை நிறுத்தியபோது எக்ஸ்பொக்ஸ் விற்பனைக்கு ஒரு கீறல்கூட விழவில்லை.

சோனி செய்தது நேரெதிர். பிளேஸ்டேஷன் 3 ஒவ்வொன்றிலும் புளூ-ரே டிரைவ். அதற்குக் கொடுத்த விலையும் சிறிதல்ல. விற்பனை விலை 499, 599 டொலர், அதற்கு மேல் உற்பத்திச் செலவு. நீல லேசர் டயோட் போதாமல் ஐரோப்பிய வெளியீடு 2007 மார்ச்சுக்குத் தள்ளிப்போனது. ஒரு வடிவம் தோற்றால் தன் முழு விளையாட்டுத் தொழிலும் ஆட்டம் காணும் என்ற நிலையில் நிற்பவரின் ஆதரவுக்கு எடை வேறு. ஸ்டூடியோக்களுக்கு அது தெரிந்திருந்தது. எச்பி போல இரண்டு பக்கமும் பெயர் கொடுத்தவர்கள் ஆற்றிலொரு கால் சேற்றிலொரு கால்தான்.

கிண்ணியா நானா
17 பெப்ரவரி, இரவு 8.10

நீங்க எல்லாம் அமெரிக்காவுல நிண்டு கதைக்கிறீங்க. நம்மட பக்கம் இந்தச் சண்டைக்கு ஆரும் காத்துக் கெடந்தாங்களா? இங்க ராசா விசிடி (வீடியோ சிடி) மச்சான்.

1993இல வந்த சாமான். 352க்கு 288 புள்ளி, எம்பெக்-1 எண்ட அமுக்குமுறை, வினாடிக்கு 1150 கிலோபிட் படம், 224 கிலோபிட் சத்தம். ஒரு தட்டுல 74 நிமிசம். ரெண்டரை மணித்தியாலப் படம் மூணு தட்டு, அமுக்கி ஏத்தினா ரெண்டு. சண்டைக் காட்சியில கட்டம் கட்டமா உடையும், இருட்டுக் காட்சியில ஆள் தெரியாது. ஹொலிவூட் பெருசா ஆதரிச்சதும் இல்ல, கொப்பித் தடுப்பே இல்லாத சாமானை அவன் எப்படி ஆதரிப்பான்? ஆனா சீனத்துத் தொழிற்சாலை ஆதரிச்சுது, தட்டு அச்சடிக்கிறவன் ஆதரிச்சான், வீடியோக் கடைக்காரன் ஆதரிச்சான். அது போதும்.

மத்தது, விஎச்எஸ் கெசட்டுக்கு நம்மட ஈரத்துல பூஞ்சணம் புடிக்கும். மாரி முடிஞ்சு எடுத்துப் பாத்தா நாடாவுல வெள்ளை. டெக்குல போட்டா ஹெட்டும் நாசம். விசிடிக்கு அந்தக் கரைச்சல் இல்ல. மூதூர் தொட்டு நிலாவெளி வரைக்கும் அதுதான் விசிடியை ஏத்திச்சு.

சாம்பல்தீவு
17 பெப்ரவரி, இரவு 8.45

நானா சொன்னதில் ஒரு திருத்தம். விசிடி தரத்தை வகுத்தது பிலிப்ஸ், சோனி, மட்சுஷிட்டா, ஜேவிசி. பெரிய கம்பனி ஆதரவே இல்லாமல் பிறந்த பிள்ளை அல்ல. பெற்றவர்கள் வளர்க்காமல் விட்ட பிள்ளை என்று சொல்லலாம்.

அதோடு, நம்முடைய கடைகளில் டிவிடி வந்த பிறகும் விசிடி நீண்டகாலம் நின்றதற்கு இந்திய விலையும் காரணம். 2007இல் இந்தியத் தட்டுக் கம்பனியான மோசர் பேயர் விசிடியை 28 இந்திய ரூபாவுக்கும் டிவிடியை 34க்கும் இறக்கியது. அந்த விலைக்குப் பக்கத்தில் எந்த நீல லேசரும் வர முடியாது. அமெரிக்காவில் சண்டை உச்சத்தில் இருந்த அதே ஆண்டு.

உவர்மலை வாசி
18 பெப்ரவரி, காலை 7.15

நானாவின் விசிடி என் வாதத்துக்குத்தான் பலம். ஆதரவு என்பது கடைத் தட்டில் எது நிற்கிறது என்பது.

எச்டி டிவிடி "நல்ல தொழில்நுட்பம்" என்ற பேச்சுக்கு வருவோம். இரண்டிலும் ஒரே 405 நானோமீற்றர் நீலஊதா லேசர். வித்தியாசம் லென்சிலும் ஆழத்திலும். புளூ-ரேயில் லென்சின் எண்ணியல் துளை (ஒளியை எவ்வளவு நுணுக்கமாகக் குவிக்கும் என்ற அளவு) 0.85, தரவுப் படை மேற்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீற்றர் கீழே, தடங்களுக்கு இடைவெளி 0.32 மைக்ரோமீற்றர். எச்டி டிவிடியில் துளை 0.65, ஆழம் 0.6 மில்லிமீற்றர், தட இடைவெளி 0.40. அதனால் ஒரு படைக்குப் புளூ-ரேயில் 25 ஜிபி, எச்டி டிவிடியில் 15 ஜிபி. இரு படைக்கு 50, 30. உச்ச வாசிப்பு வேகம் வினாடிக்கு 54 மெகாபிட், 36.55 மெகாபிட்.

0.6 மில்லிமீற்றர் என்பது டிவிடியின் ஆழமேதான். இரண்டு 0.6 தகடுகளை ஒட்டும் டிவிடி இயந்திரத்தைக் கொஞ்சம் மாற்றினால் எச்டி டிவிடி அச்சடிக்கலாம். மலிவு என்று நீங்கள் சொல்வதன் வேர் அது. புளூ-ரேக்குப் புதிய வரிசை வேண்டும்: 1.1 மில்லிமீற்றர் அடித்தளம், அதன்மேல் 0.1 மில்லிமீற்றர் மூடுபடை, அதன்மேல் கீறாத கடினப் பூச்சு. அந்தப் பூச்சை டிடிகே 2004இல் கொண்டுவரும் வரை புளூ-ரே தட்டுகளுக்குக் கூடு போட வேண்டியிருந்தது.

முதல் நாள் படம் பற்றியது உண்மை. 2006 ஜூனில் வந்த முதல் புளூ-ரேக்களில் பல 25 ஜிபி ஒற்றைப் படையில் எம்பெக்-2 என்ற பழைய அமுக்குமுறை கொண்டு அடைத்தவை. அதே நேரத்தில் வார்னர் 30 ஜிபி எச்டி டிவிடியில் விசி-1 என்ற புதிய முறையைப் பாவித்தது. ஒப்பிட்டவர்கள் எச்டி டிவிடிக்குத்தான் புள்ளி போட்டார்கள். ஆனால் 50 ஜிபி தட்டு 2006 ஒக்டோபரிலேயே வந்துவிட்டது, கோடெக்கை, அதாவது அமுக்குமுறையை, மாற்றவும் நேரம் எடுக்கவில்லை. 15ஐ 25 ஆக்குவது அப்படி முடியாது. தோஷிபா 51 ஜிபி மூன்று படைத் தட்டைக் காகிதத்தில் கொண்டுவந்தது. கடைக்கு ஒன்றும் வரவில்லை.

பாலையூற்று
18 பெப்ரவரி, காலை 7.40

எச்டி டிவிடி பக்கம் ஒன்று விட்டுப்போச்சு. எல்லா எச்டி டிவிடி பிளேயரிலும் இணையத் துளையும் படத்துக்குள் படம் காட்டும் இரண்டாவது டிகோடரும் கட்டாயம், முதல் நாளிலிருந்து. புளூ-ரேக்கு அந்த வசதிகள் முதலில் 1.0, பிறகு 1.1, பிறகு 2.0 என்று தவணை முறையில் வந்தன. 2006இல் 999 டொலர் கொடுத்து சம்சுங் வாங்கினவருக்கு ஒரு வருடத்தில் பழைய பிளேயர். தோஷிபா எச்டி-ஏ1 499 டொலர், உள்ளே முழுக் கம்பியூட்டரே: பென்டியம் 4, ஒரு ஜிபி மெமரி. போட்டு ஒரு நிமிடத்துக்குப் பிறகுதான் தட்டுப் பெட்டி திறக்கும், அது வேறு கதை.

லிங்கநகர் தம்பி
18 பெப்ரவரி, இரவு 9.00

சரி, தொழில்நுட்பத்தில ரெண்டும் சமன் என்று வையுங்க. அப்ப காசுதான். 2007 ஓகஸ்டில பரமவுண்டும் ட்ரீம்வேர்க்ஸ் அனிமேஷனும் புளூ-ரேயை விட்டுட்டு எச்டி டிவிடிக்கு மட்டும் வந்தவங்கள். 150 மில்லியன் டொலர் என்று நியூயோர்க் டைம்ஸ் எழுதினது. காசு குடுத்து வாங்கின ஆதரவும் ஆதரவுதானே.

உவர்மலை வாசி
19 பெப்ரவரி, காலை 6.40

காசு கொடுத்து வாங்கிய ஆதரவுக்குத் தவணை உண்டு. ஸ்பீல்பேர்க் இயக்கிய படங்களை அந்த ஒப்பந்தத்திலிருந்து விலக்கி வைத்தார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள், எவ்வளவு அரைமனம் என்று தெரியும்.

மற்றப் பக்கத்தைப் பாருங்கள். டிஸ்னி 2004 டிசெம்பரிலேயே புளூ-ரே. ஃபொக்ஸ் 2005. சோனிக்குச் சொந்த ஸ்டூடியோ, எம்ஜிஎம்மும் 2005இல் சோனி கூட்டணி கைக்கு வந்தது. லயன்ஸ்கேட்டும் அங்கே. ஃபொக்ஸ் வந்த காரணம் கவனிக்க வேண்டியது: இரண்டு வடிவத்திலும் ஏஏசிஎஸ் என்ற கொப்பித் தடுப்புப் பூட்டு இருந்தது, புளூ-ரேயில் மட்டும் அதற்கு மேல் பிடி-பிளஸ் என்ற இரண்டாவது பூட்டு. ஏஏசிஎஸ் திறவுகோல் 2007இல் இணையமெங்கும் சிதறியபோது ஃபொக்ஸ் புதிய தட்டுகளைக் கொஞ்சக் காலம் நிறுத்திவைத்து, பிடி-பிளஸ் தயாரான பிறகு ஒக்டோபரில் திரும்பியது. இப்படிப்பட்டவரை 150 மில்லியனால் இழுக்க முடியாது.

எச்டி டிவிடிக்கு மட்டும் என்று தொடக்கத்திலிருந்து கடைசிவரை இருந்த பெரிய ஸ்டூடியோ யுனிவர்சல் ஒன்றுதான். வார்னர் இரண்டிலும் வெளியிட்டது. அதாவது விட்டுப்போனால் நட்டமே இல்லாத இடத்தில் வார்னர் நின்றது. 2008 ஜனவரி 4இல் மே மாத முடிவோடு புளூ-ரே மட்டும் என்று அறிவித்தது. லாஸ் வேகாஸ் கண்காட்சிக்கு எச்டி டிவிடி குழு ஏற்பாடு செய்திருந்த செய்தியாளர் கூட்டம் ரத்து. பெப்ரவரி 11இல் தட்டு வாடகைக்குக் கொடுத்த நெட்ஃப்ளிக்ஸும் பெஸ்ட் பை கடைகளும், 15இல் வோல்மார்ட் கடைகளும் புளூ-ரே பக்கம் சாய்ந்தன, 19இல் தோஷிபா கடையைப் பூட்டியது. அன்றைக்கே யுனிவர்சலும் புளூ-ரேக்குப் போய்விட்டது. ஏழு கிழமைகூட எடுக்கவில்லை.

கிண்ணியா நானா
19 பெப்ரவரி, இரவு 7.30

வார்னருக்கும் ஆரும் காசு குடுத்திருப்பாங்க மச்சான், அது சும்மா போகுமா?

உவர்மலை வாசி
19 பெப்ரவரி, இரவு 7.55

பேச்சு நிறைய இருந்தது நானா, நிரூபணம் இல்லை. காசே இல்லாமலும் விளக்கலாம். 2007 முழுக்க புளூ-ரே தட்டுகள் எச்டி டிவிடியை ஏறத்தாழ இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் விற்றன. ஜூனில் பட வாடகைக் கம்பனியான பிளொக்பஸ்டர் 1,450 கடைகளுக்குப் புளூ-ரே மட்டும் என்றது. தோஷிபா விலையை வெட்டிப் பார்த்தது. நவம்பர் 2ஆம் திகதி வோல்மார்ட்டில் ஏ2, அதாவது தம்பியிடம் இருக்கும் அதே பெட்டி, 98 டொலர் 87 சதத்துக்குப் போனது. அந்தக் கிழமை பிளேயர் பறந்தது, தட்டு பறக்கவில்லை. ஸ்டூடியோவுக்குத் தட்டு விற்பனைதான் கணக்கு. மலிவுப் பிளேயர் வாங்குகிறவர் தட்டையும் மலிவாகத்தான் தேடுவார்.

இந்தச் சண்டை வராமலே போயிருக்கலாம் என்பதையும் சொல்ல வேண்டும். 1995இல் இதே ஆட்கள் இதே சண்டை பிடித்தார்கள்: சோனியும் பிலிப்ஸும் எம்எம்சிடி என்ற தட்டோடு, தோஷிபாவும் டைம் வார்னரும் எஸ்டி என்ற தட்டோடு. ஐபிஎம் தலைமையில் கம்பியூட்டர் கம்பனிகள் இரண்டையும் வாங்க மாட்டோம் என்று நெருக்கின. தோஷிபாவின் ஒட்டுத் தகடு, தரவைத் தட்டில் எழுத சோனி பக்கத்தின் இஎஃப்எம் பிளஸ் குறிமுறை என்று பங்கு பிரித்து டிவிடி பிறந்தது. தட்டின் கொள்ளளவு 5 ஜிபியிலிருந்து 4.7 ஆனது அந்தக் குறிமுறையால்தான். 2005இலும் சோனியும் தோஷிபாவும் பேசினார்கள், தரவுப் படையின் ஆழம் 0.1ஆ 0.6ஆ என்பதில் முறிந்தது. இந்த முறை நெருக்க ஐபிஎம் போல ஒருவர் இல்லை. மைக்ரோசொஃப்டும் இன்டெலும் நடுவராக நிற்காமல் ஒரு பக்கம் சேர்ந்துவிட்டார்கள்.

லிங்கநகர் தம்பி
22 பெப்ரவரி, மாலை 4.10

ட்ரான்ஸ்போமர் வந்திட்டு. பிளேயர் எழும்புது. எச்டிஎம்ஐயில படம் வருது. சில வார்னர் தட்டு பாதியில நிக்குது, ரெண்டு தட்டை வாசிக்கவே இல்லை. லென்ஸா, தட்டா?

பாலையூற்று
22 பெப்ரவரி, மாலை 5.00

சாதாரண டிவிடி ஒன்றைப் போட்டுப் பார்த்து லென்சைக் குற்றம் சொல்ல முடியாது, அதற்குச் சிவப்பு லேசர். யுனிவர்சல் எச்டி டிவிடி ஒன்றை முடிவு வரை ஓட்டுங்கள். அது ஓடினால் நீல லேசர் சுகம், கோளாறு தட்டில்.

டிவிடி போடும்போது இன்னொன்று. எச்டி டிவிடிக்குத்தான் பிராந்தியப் பூட்டு இல்லை. அதே பெட்டியில் டிவிடிக்குப் பிராந்தியம் 1. இலங்கை 5. இந்தியப் பட டிவிடிகளில் பல எல்லாப் பிராந்தியத்துக்கும் என்டிஎஸ்சி என்ற அமெரிக்க டிவி முறையில் வந்தவை, அவை ஓடும். நம்முடைய டிவி முறையான பால் (PAL) தட்டுகளை எதிர்பார்க்காதீங்க. ஏ2 1080i (வரிகளை ஒன்றுவிட்டு ஒன்றாகக் காட்டும் முறை) வரைதான் தரும், டிவியில் முழுப் படத்தையும் ஒரே தடவையில் காட்டும் 1080p வரவில்லை என்று மெனுவில் தேட வேண்டாம்.

சாம்பல்தீவு
22 பெப்ரவரி, இரவு 8.20

வார்னர் எச்டி டிவிடிகள் பழுதாவது சேகரிப்பாளர்கள் எல்லோருக்கும் தெரிந்த விடயம், இதில் உங்கள் தவறு ஒன்றுமில்லை. ஒட்டிய இரண்டு தகடுகளுக்கு நடுவில் கோளாறு. தட்டை மின்குமிழுக்கு எதிரே சாய்த்துப் பிடியுங்கள். ஓரத்திலிருந்து உள்ளே போகும் மங்கல் திட்டோ வளையமோ தெரிந்தால் அது தொடங்கிவிட்டது. துடைத்தாலும் போகாது. சில தட்டுகளில் வெளியே ஒன்றுமே தெரியாது, ஆனால் படம் நிற்கும். ஒரு பக்கம் டிவிடி, மறுபக்கம் எச்டி டிவிடி என்று வந்த இருபக்கத் தட்டுகளை முதலில் பாருங்கள்.

வெறும் அழுக்கென்றால்: காய்ச்சி வடித்த தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி, மைக்ரோஃபைபர் துணி. நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடையுங்கள். சுற்றிச் சுற்றித் துடைத்தால் வரும் கீறல் தடத்தோடு நீளமாகப் போகும், பிழைதிருத்தும் குறியீடு அதைச் சமாளிக்காது. குறுக்கே விழும் சின்னக் கீறலைச் சமாளித்துவிடும். தின்னர், அசிற்றோன் கிட்டவும் கொண்டுபோகாதீர்கள், பொலிகாபனேற் வெளுத்துவிடும்.

பொலிஷ் இயந்திரம் வைத்திருக்கும் கடைக்குக் கொடுக்கலாமா என்று அடுத்த கேள்வி வரும். டிவிடிக்கும் எச்டி டிவிடிக்கும் வாசிக்கும் பக்கத்தில் 0.6 மில்லிமீற்றர் இருக்கிறது, மேலால் கொஞ்சம் தேய்க்க இடமுண்டு. புளூ-ரேயை மட்டும் கொடுக்கவே கூடாது. கடினப் பூச்சும் போய், 0.1 மில்லிமீற்றரில் மிச்சமும் போய், தட்டு முடிந்துவிடும். சிடியில் ஆபத்து மறுபக்கம்: தரவு லேபிளுக்கு அடியில் இருப்பதால் மேலே பேனாவால் அழுத்தி எழுதினாலே போதும்.

கிண்ணியா நானா
22 பெப்ரவரி, இரவு 9.05

அக்கா, நம்மட உப்புக் காத்துக்கு என்ன செய்ய? கடற்கரைப் பக்கத்து வீட்டுல பிளேயர் ரெண்டு வருசம் நிக்கிறதில்ல.

சாம்பல்தீவு
22 பெப்ரவரி, இரவு 9.40

தட்டுக்குக் காற்றுப்புகாத பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல். செம்மஞ்சள் மணி பச்சையானால் 120 பாகையில் இரண்டு மணித்தியாலம் அவணில் காயவைத்துத் திரும்பப் போடலாம். தட்டை நிமிர்த்தி வையுங்கள், கடதாசி உறை வேண்டாம். பிளேயரில் முதலில் போவது பின்பக்கத் துளைகள், பிறகு தட்டுப் பெட்டியை இழுக்கும் இறப்பர் பட்டி. பட்டி இளகிப்போனால் தட்டு பாதி வந்து திரும்பும். டிரைவ் போய்விட்டது என்று எறிந்துவிடுகிறார்கள், ஒரு பட்டிதான் வேண்டும். ஏசி அறையிலிருந்து வெளியே எடுத்த பிளேயரை உடனே போடாதீர்கள், லென்சில் நீராவி படிந்திருக்கும். ஒரு மணித்தியாலம் விடுங்கள்.

உவர்மலை வாசி
23 பெப்ரவரி, காலை 8.00

பழுதாகும் தட்டைக் காப்பாற்ற ஒரே வழி கொப்பி. சாதாரண புளூ-ரே டிரைவ் எச்டி டிவிடியை வாசிக்காது. லேசர் ஒன்று, லென்சும் ஆழமும் வேறு. இரண்டு தெரிவு: மைக்ரோசொஃப்டின் எக்ஸ்பொக்ஸ் வெளி டிரைவ், அது யூஎஸ்பியில் கம்பியூட்டருக்கே வரும். அல்லது இரண்டு வடிவத்தையும் வாசிக்கும் எல்ஜியின் ஜிஜிடபிள்யூ-எச்20எல், ஜிஜிசி-எச்20எல், சாட்டா இணைப்பில் கம்பியூட்டருக்கு உள்ளே பூட்டுவது. எக்ஸ்பொக்ஸ் டிரைவுக்குத் தனி அடப்டர் உண்டு, அதிலும் வோல்ட் லேபிளைப் பார்த்துத்தான் குத்த வேண்டும்.

தட்டு யூடிஎஃப் 2.5 கோப்புமுறையில் இருக்கும், விண்டோஸ் விஸ்டாவுக்குப் பிந்தியவை தாமாகவே திறக்கும். படம் எச்விடிவிடி_டிஎஸ் என்ற கோப்புறையில் ஈவிஓ கோப்புகளாக இருக்கும். அவற்றை இழுத்து வைத்தால் பூட்டோடுதான் வரும், ஓடாது. பூட்டைத் திறக்கும் மேக்எம்கேவி என்ற மென்பொருள் எச்டி டிவிடியை இன்னும் ஆதரிக்கிறது. அதில் திறந்து, நீளமான தலைப்பைத் தெரிந்து, எம்கேவி என்ற வீடியோக் கோப்பாகச் சேமியுங்கள். ஒரு தட்டுக்கு 30 ஜிபி இடம் ஒதுக்குங்கள்.

முழுத் தட்டையும் ஐஎஸ்ஓ பிம்பமாக எடுத்து வைத்துவிட்டுப் பிறகு பூட்டைத் திறக்கலாம் என்று சிலர் நினைப்பார்கள். அந்தப் பிம்பத்துக்குள் பூட்டைத் திறக்க வேண்டிய தட்டின் தொகுதி அடையாளம் வராது, அது டிரைவிடம் கேட்டு வாங்க வேண்டியது. தட்டு செத்த பிறகு அந்தப் பிம்பத்தால் பயன் இல்லை.

புதிய எச்டி டிவிடி இனி வராது என்பதில் ஒரு வசதி, பூட்டும் புதிதாகாது. புளூ-ரேக்கு அந்த நிம்மதி கிடையாது.

பாலையூற்று
23 பெப்ரவரி, காலை 8.25

எம்கேவியை அப்படியே பென்டிரைவில் ஏற்றி டிவியில் குத்தினால் பல டிவி முழிக்கும். விசி-1 படமும் டொல்பி டிஜிட்டல் பிளஸ் சத்தமும்தான் காரணம். கம்பியூட்டரில் விஎல்சி மென்பொருளில் ஓடும். டிவிக்கென்றால் எச்.264க்கும் சாதாரண டொல்பி டிஜிட்டலுக்கும் மாற்றி இன்னொரு கொப்பி வையுங்கள், மூலத்தை அழிக்காதீங்க.

கிண்ணியா நானா
2 மார்ச், இரவு 8.30

ஒரு சந்தேகம். தோஷிபா தோத்த பொறகு அந்த இயந்திரங்கள் என்னாச்சு? சீனத்துல ஏதோ ஒண்டு வந்திச்சே.

உவர்மலை வாசி
2 மார்ச், இரவு 9.10

சிபிஎச்டி. எச்டி டிவிடியின் உடம்பு, சீனத்து ஏவிஎஸ் கோடெக். 2009இல் கடைக்கு வந்தது. அதில் படம் வெளியிட்ட ஹொலிவூட் ஸ்டூடியோ எது என்று நினைக்கிறீர்கள்? வார்னர். அதே ஆண்டு ஓகஸ்டில் தோஷிபா புளூ-ரே சங்கத்துக்கு விண்ணப்பம் போட்டது.

கிண்ணியா நானா
2 மார்ச், இரவு 9.14

அல்லாஹ்வே! ஆளையாள் மாத்தித் துணி போட்டிருக்காங்க.

சாம்பல்தீவு
20 மார்ச், மாலை 6.30

வார்னர் பற்றி ஒரு புதிய செய்தி. 2006 முதல் 2009 வரை அச்சான சில டிவிடிகளில் கோளாறு இருப்பது தெரியும் என்று நிறுவனமே இந்த மாதம் சொல்லியிருக்கிறது, முடிந்தவரை மாற்றுத் தட்டும் தருகிறதாம். இது சாதாரண டிவிடி பற்றிய பேச்சு, எச்டி டிவிடி அதில் இல்லை. மாற்றிக் கொடுக்க எச்டி டிவிடி அச்சடிக்கிற இடமும் இல்லையே. எனவே அலுமாரியில் அந்தக் கால வார்னர் டிவிடி இருப்பவர்களும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

லிங்கநகர் தம்பி
21 மார்ச், காலை 10.20

எல்ஜி டிரைவ் ஒன்று கொழும்பில அகப்பட்டுது. எந்த வரிசையில எடுக்க?

உவர்மலை வாசி
21 மார்ச், காலை 10.50

முதலில் வார்னரின் இருபக்கத் தட்டுகள், பிறகு வார்னரின் மற்றவை. பரமவுண்ட், யுனிவர்சல் கடைசியில். வாசிப்பு ஓரிடத்தில் சிக்கினால் உடனே நிறுத்தி, தட்டைத் துடைத்து, டிரைவ் ஆறின பிறகு மறுபடி போடுங்கள். சூடான டிரைவ் மங்கல் தட்டில் கூடுதலாகத் தடுக்கும். எடுத்து முடிந்ததும் தொடக்கத்தை மட்டும் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம். படை மாறும் நடுப்பகுதியையும் கடைசி அத்தியாயத்தையும் ஓட்டிப் பாருங்கள், இரண்டாம் படை பழுதான தட்டு அங்கேதான் மாட்டும்.